உட்பகையும் அயற்பகையும்

(கண்டியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிராந்தியப் பாதுகாப்பு என்றதும் நமக்கு டில்லியும் இஸ்லாமாபாத்தும் பெய்ஜிங்கும் நினைவுக்கு வரும். போர்க்கப்பல் வரும், ஏவுகணை வரும், அணுகுண்டு வரும். கண்டி வராது. ஆனால், கடலோரத்தை அந்நியர் பிடித்த பிறகும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பகை வல்லரசுகளுக்கு நடுவே தாக்குப்பிடித்த இராச்சியத்தின் தலைநகர் இது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் இருந்த இடமும் இதுவே. இரு அரசுகள் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்ட மக்கள் வாழும் மலைகளுக்கு வாசலும் இந்த ஊர்தான். அயல்நாட்டுப் பகை ஒரு சிறிய நாட்டை என்ன செய்யும் என்று ஆராய்ந்த இலங்கை அறிஞர்கள் சிலர் இங்கே, மகாவலிக் கரையில் இருந்துதான் கற்பித்தார்கள்.

அவர்களில் இருவரை முன்வைத்தே இன்று பேசப் போகிறேன். ஒருவர் வரலாற்றாசிரியர் கே. எம். டி சில்வா. மற்றவர் அரசியல் விஞ்ஞானி ஏ. ஜெயரத்தினம் வில்சன். இருவரும் பேராதனையில் ஒரே காலத்தில், 1969இல், பேராசிரியர் பதவிக்கு வந்தவர்கள். டி சில்வா இலங்கை வரலாற்றுக்கான பீடத்தில் 1995 வரை இருந்தார். 1982இல் தொடங்கிய இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தைக் கண்டியில் இருந்து நடத்தினார். வில்சன் அரசியல் விஞ்ஞானத் துறையின் முதற் பேராசிரியர். 1972இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவின் மருமகனும் கூட.

வில்சன் 1988இல் ‘இலங்கையின் உடைவு’ என்ற பொருளில் ஒரு நூல் வெளியிட்டார். டி சில்வா 1995இல் ‘பிராந்திய வல்லரசுகளும் சிறிய நாட்டின் பாதுகாப்பும்’ என்ற நூலை வெளியிட்டார். 1977 முதல் 1990 வரையான இந்திய - இலங்கை உறவே அதன் பொருள். இரண்டும் ஆங்கில நூல்கள். தலைப்புகளை நான் தமிழில் சொல்கிறேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தின் கதை. ஒருவர் வெளியிலிருந்து உள்ளே பார்க்கிறார்: ஒரு பெரிய அயலவர் சிறிய நாட்டை எப்படி நெருக்கினார் என்று கேட்கிறார். மற்றவர் உள்ளிருந்து வெளியே பார்க்கிறார்: இந்த அரசு தன் குடிகளில் ஒரு பகுதியை எப்படி இழந்தது என்று கேட்கிறார். நம் நாட்டில் முதலாவதைப் படிப்பவர் இரண்டாவதைப் படிப்பதில்லை. இரண்டாவதைப் படிப்பவர் முதலாவதைத் தொடுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நம் பாதுகாப்பைப் பற்றிய உண்மை தெரியும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

பகையின் வடிவம்

தென்னாசியாவின் படத்தைப் பாருங்கள். நடுவில் இந்தியா. பாகிஸ்தான், நேபாளம், பூட்டான், வங்காளதேசம் எல்லாம் அதனோடு எல்லையைப் பகிர்கின்றன. இலங்கைக்கும் அதற்கும் இடையில் குறுகிய பாக்கு நீரிணை. மற்ற நாடுகளில் பெரும்பாலானவை ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே இங்கே ஒவ்வொரு சிறிய நாட்டின் பாதுகாப்புக் கேள்வியும் கடைசியில் டில்லியைப் பற்றிய கேள்வியாகவே முடிகிறது.

பிரித்தானிய அறிஞர் பாரி பூசான் 1983இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சில நாடுகளின் அச்சங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒன்றின் பாதுகாப்பை மற்றவற்றை விட்டுத் தனியே பேச முடியாது. அவற்றைப் பிராந்தியப் பாதுகாப்புத் தொகுதி என்று கொள்ளலாம் என்றார். அவர் காட்டிய முதன்மை உதாரணங்களில் ஒன்று தென்னாசியா. அந்தத் தொகுதியின் அச்சாணி இந்திய - பாகிஸ்தான் பகை. 1947-48, 1965, 1971, 1999 என்று போர்கள். 1998 மே மாதத்தில் இருவரும் அணுகுண்டு வெடித்துக் காட்டினார்கள். 2025 மே மாதத்திலும் நான்கு நாள் மோதினார்கள்.

இந்தப் பகை ஏன் தீரவில்லை? கேரளத்தில் பிறந்து கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் அரசியல் விஞ்ஞானி டி. வி. பால் இதற்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகிறார். மொத்தக் கணக்கில் இந்தியா மிகப் பெரியது. ஆனால் காஷ்மீர் என்ற களத்தில் மட்டும் பாகிஸ்தான் வெளியுறவுக் கூட்டணிகளாலும் படைத் தந்திரத்தாலும் கடைசியில் அணுவாயுதத்தாலும் அந்த இடைவெளியைச் சுருக்கிக்கொண்டது. பெரியவரால் முடித்து வைக்க முடியவில்லை; சிறியவரால் வெல்லவும் முடியவில்லை. எனவே பகை நீள்கிறது.

இந்த அளவுகோலை இலங்கைக்கு வைத்துப் பாருங்கள். இந்தியாவோடு நமக்குள்ள இடைவெளியை எந்தக் களத்திலும் சுருக்க முடியாது. பாகிஸ்தான் ஆடும் ஆட்டம் நமக்குக் கிடையாது. அப்படியானால் ஒரு சிறிய நாட்டுக்கு இருக்கும் வழிகள் எவை? வேறொரு வல்லரசை அழைத்துச் சமன் செய்வது. பெரியவரோடு ஒத்துப்போவது. இருவரையும் தூரத்தில் வைத்து நடுவில் நடப்பது. இந்த மூன்றையும் கண்டி அரசர்கள் செய்து பார்த்துவிட்டார்கள்.

அரசர்கள் கற்ற பாடம்

பேராதனையில் இருந்து ஆற்றைக் கடந்தால் கன்னொறுவை. 1638 மார்ச் மாதம் அங்கே போர்த்துக்கேயத் தளபதி தியோகோ த மெலோவும் அவர் படையும் அழிந்தார்கள். இரண்டாம் இராஜசிங்கன் அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தார். போர்த்துக்கேயரை விரட்ட அவர்கள் உதவ வேண்டும். செலவை அரசர் கறுவாவிலும் மிளகிலும் தீர்ப்பார். பிடிக்கும் கோட்டைகளில் யார் காவல் நிற்பது என்ற இடத்தில்தான் வில்லங்கம் வந்தது. அரசர் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் படை அங்கே தங்கலாம் என்று அரசர் பக்கத்துப் பிரதியில் இருந்த நிபந்தனை, ஒல்லாந்தர் பக்கத்துப் பிரதியில் இல்லை. 1656இல் கொழும்பு விழுந்தது. ஒல்லாந்தர் கோட்டைக் கதவை அரசருக்குத் திறக்கவே இல்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றைக்கும் சொல்வது இதைத்தான்.

அடுத்த நூற்றாண்டில் கண்டி இன்னும் நிதானமாக நடந்தது. 1762இல் சென்னையில் இருந்து ஜோன் பைபஸ் என்ற ஆங்கிலத் தூதர் மலையேறி வந்தார். கேட்டதெல்லாம் பெரிது, தர முன்வந்தது ஒன்றுமில்லை. 1782இல் ஹியூ பொய்ட் என்ற இன்னோர் ஆங்கிலத் தூதர் வந்தார். அந்த ஆண்டு திருகோணமலையை ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் மாதம் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் பறித்துக்கொண்டார். ஐரோப்பாவின் பகை நம் துறைமுகத்தில் நடந்தேறியது. கண்டி அரசவை பொய்ட்டுக்குச் சொன்ன பதில் கவனிக்கத்தக்கது. கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளோடு பேச மாட்டோம். உங்கள் அரசரோடு நேரடியாக உடன்படிக்கை செய்வோம் என்றது. முன்னே பட்ட சூடு அந்த எச்சரிக்கையைத் தந்திருந்தது.

இங்கே ஒரு ஒப்பீட்டுக்கு உங்கள் கவனத்தை வேண்டுகிறேன். அரசியல் விஞ்ஞானிகள் தேடித் திரியும் ஒப்பீடு இது. நமக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. 1803இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து, முன்னைய அரசரின் மைத்துனரான முத்துச்சாமியை அரியணையில் ஏற்றினார்கள். ஊர் அவரை ஏற்கவில்லை. உணவும் ஆளும் வரவில்லை. நோயில் வாடிய படை ஜூன் மாதம் சரணடைந்தது. மேஜர் டேவியின் படையினர் வத்தப்பளுவையில், மகாவலியைக் கடக்க முடியாமல் நின்ற இடத்தில் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1815 பெப்ரவரியில், அதே ஆங்கிலேயர் அதே மலைப்பாதைகளால் வந்தார்கள். எதிர்ப்பே இல்லை. அரசர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் மெதமகாநுவரைப் பக்கத்தில் பிடிபட்டார். மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை ஒப்பமானது. அரசர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார்.

மலை மாறவில்லை, காடு மாறவில்லை, பகைவரும் மாறவில்லை. மாறியது என்ன? அரசருக்கும் பிரதானிகளுக்கும் இடையிலான உறவு. பிரதானிகளில் பிலிமத்தலாவைக்கு மரணதண்டனை, எகலப்பொலை ஓடிப்போய் ஆங்கிலேயரிடம் சேர்ந்தார், அவருடைய மனைவி மக்கள் கொல்லப்பட்டார்கள். தென்னிந்திய நாயக்கர் வழிவந்த அரசரை அந்நியர் என்று சொல்வது அப்போது வசதியாக இருந்தது. ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொய்லியின் ஒற்றர்கள் இந்தப் பிளவை ஆண்டுக்கணக்காக வளர்த்தார்கள். 1803க்கு முன்பும் அரண்மனைச் சூழ்ச்சி இருந்தது உண்மைதான். ஆனால் அப்போது நாடு அரசர் பக்கம் நின்றது. 1815இல் நிற்கவில்லை. வெளியார் ஏற்றிவைத்த முத்துச்சாமியால் நிலைக்க முடியவில்லை. உள்ளே ஆதரவிழந்த அரசராலும் நிலைக்க முடியவில்லை.

வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கியிருக்கும் வரிசையை இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கிறேன். பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல், அடுத்து உட்பகை, அதற்கடுத்து பெரியாரைப் பிழையாமை. பகையை எடைபோடுவதற்கும் பெரியவரோடு நடந்துகொள்வதற்கும் நடுவில் உட்பகையை வைத்திருக்கிறார். இன்றைய பாதுகாப்பு ஆய்வு நூல்கள் பல அந்த நடு அதிகாரத்தை விட்டுவிடுகின்றன.

மலைகளின் மீது போட்ட கணக்கு

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தன் தலைமையகத்தை டில்லியில் இருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசியிருந்தன. இந்தத் தீவை வைத்திருப்பவர் வங்காள விரிகுடாவை வைத்திருப்பவர் என்ற எண்ணம் அப்போதே படைத் தளபதிகளிடம் உறுதிப்பட்டுவிட்டது. 1947 நவம்பரில் சுதந்திரத்துக்கு முன்பே டி. எஸ். சேனநாயக்க பிரித்தானியாவோடு பாதுகாப்பு உடன்பாடு செய்தார். திருகோணமலையும் கட்டுநாயக்கவும் பிரித்தானியர் கையில் 1957 வரை இருந்தன. அந்த உடன்பாட்டின் பின்னால் இருந்த அச்சம் இந்தியாவைப் பற்றியது. வெளியே சொல்லப்படாவிட்டாலும் அன்றைய அரசியல்வாதிகள் அனைவருக்கும் தெரிந்த அச்சம்.

அதே அச்சம் உள்நாட்டில் எங்கே இறங்கியது? இந்த மலைகளில்தான் இறங்கியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947இல் மலையகத்தில் இருந்து பாராளுமன்றம் போன உறுப்பினர்களின் இடம் 1952இல் வெறுமையாக இருந்தது. இந்தியாவின் நீண்ட கை என்று இந்த மக்களைக் கண்டார்கள். அவர்கள் கையில் இருந்ததோ தேயிலைக் கூடை மட்டும்தான்.

இந்திய - இலங்கை உறவைப் பற்றி விரிவான ஆய்வு நூல் ஒன்றை 1965இல் வெளியிட்டவர் ஷெல்டன் கொடிகார. அந்த உறவின் மையத்தில் தோட்டத் தமிழர் பிரச்சினை இருந்ததை அந்நூல் காட்டுகிறது. அதற்கு முந்திய ஆண்டில்தான், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேர். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள்.

இத்தனை ஆண்டு நேரு மறுத்து வந்ததை சாஸ்திரி ஏன் ஏற்றார்? அந்த ஆண்டுகளின் நாட்குறிப்பைப் பாருங்கள். 1962இல் இமயத்தில் சீனாவிடம் தோல்வி. இரு தரப்புக்கும் இடையில் சமரசம் பேச அணிசேரா நாடுகள் ஆறினைக் கொழும்பில் கூட்டியவர் சிறிமாவோ அம்மையார். 1964 ஒக்டோபர் 16இல் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அதற்குப் பதினான்காம் நாள் ஒப்பந்தம். வேறு காரணங்களும் உண்டு. அயலவர் யாரும் சீனாவின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்ற கவலையை அவற்றில் இருந்து பிரிக்க முடியாது. இமயத்தின் பகைக்கு விலை கொடுத்தவர்களில் அட்டனிலும் புசல்லாவையிலும் கலஹாவிலும் கொழுந்து பறித்தவர்களும் இருந்தார்கள்.

கண்டியில் இருக்கும் இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தின் வாசலில் கடவுச்சீட்டுக்காகக் காத்து நின்ற குடும்பங்களை இந்த அவையில் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். மலையில் இருந்து தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று மக்களே பெயர் வைத்தார்கள். 1984இல் கப்பல் சேவை நின்றதோடு அந்தப் பயணமும் நின்றது. போனவர்கள் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலையிலேயே வாழ்வைத் தொடங்கினார்கள். இங்கே எஞ்சியவர்களின் நாடற்ற நிலைக்கு முற்றுப்புள்ளி வைத்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு. இந்த ஐம்பத்தைந்து ஆண்டில் அந்த மக்களால் இலங்கையின் பாதுகாப்புக்கு வந்த கேடு என்ன என்று எந்தப் பாதுகாப்பு நிபுணராவது சொல்லட்டும்.

1971: ஒரே ஆண்டில் மூன்று பாடங்கள்

1971 தொடக்கத்தில் இந்தியா தன் வான்வழியைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. மேற்குப் பாகிஸ்தானில் இருந்து டாக்கா போன விமானங்கள் கட்டுநாயக்கவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. டில்லி முகம் சுளித்தது. ஏப்ரல் 5ஆம் திகதி ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. பேராதனை மாணவர் பலர் அதில் இருந்தார்கள். அப்போது உதவிக்கு வந்தது யார்? இந்தியா ஹெலிகொப்டர்களும் கடற்காவல் கப்பல்களும் அனுப்பியது. பாகிஸ்தானும் ஹெலிகொப்டர்கள் அனுப்பியது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரித்தானியாவும் உதவின. அதே ஆண்டு இறுதியில் தமக்குள் போர் செய்யப்போகிற இரு அயலவர் நம் தீவில் ஒரே அரசைக் காத்து நின்றார்கள். நடுநிலையின் வெற்றி என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்த ஆபத்து வந்த திசை கடல் அல்ல. வேலையற்ற, படித்த, சிங்கள இளைஞர்களிடம் இருந்து, இந்த நாட்டின் கிராமங்களில் இருந்து வந்தது.

மூன்றாவது பாடம் டிசம்பர் 16ஆம் திகதியில் இருக்கிறது. அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் எண்டர்பிரைஸ் வங்காள விரிகுடாவில் நின்றது. அதே நாளில் நியூயோர்க்கில் ஐ.நா. பொதுச்சபை, இலங்கை முன்மொழிந்த இந்து சமுத்திர சமாதான வலயத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 61, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காதவர் 55. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அந்த 55இல் இருந்தன. தீர்மானம் நல்லது. ஆனால் கடலில் கப்பல் வைத்திருந்தவர்கள் ஒப்பாத தீர்மானம்.

இரண்டு நூல்கள் சந்திக்கும் இடம்

இனி 1987. 1983 ஜூலைக் கலவரத்தின் பின் இந்தியா நடுவராக வந்தது. அதே சமயம் தமிழ் இயக்கங்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் தந்தது. 1983இலேயே இந்திய அரசியல் ஆய்வாளர் பவானி சென் குப்தா, அயல்நாட்டு நெருக்கடிகளில் இந்தியாவைத் தவிர்த்து வேறு வல்லரசை அழைப்பதை டில்லி ஏற்காது என்ற கொள்கையை எழுத்தில் வைத்தார். ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தன அதைத்தான் செய்துபார்த்தார். பாகிஸ்தானில் பயிற்சி, இஸ்ரேலியரின் ஆலோசனை, பிரித்தானியக் கூலிப்படையினர், வாஷிங்டனுக்குக் கடிதங்கள். 1987 ஜூன் 3இல் இந்திய நிவாரணப் படகுகளை நம் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் போர் விமானங்களின் காவலோடு இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளைப் போட்டன. அன்று கொழும்புக்காகக் குரல் கொடுக்க எந்த வல்லரசும் முன்வரவில்லை. ஜூலை 29இல் ஒப்பந்தம். திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு எதிரான படைத் தேவைக்குத் தருவதில்லை என்ற வாக்குறுதியும் எண்ணெய்க் குதங்களைக் கூட்டாகச் சீரமைக்கும் இணக்கமும் அதனோடு பரிமாறிய கடிதங்களில் இருந்தன.

டி சில்வாவின் நூல் இந்த இடத்தில் வலுவாக இருக்கிறது. நடுவர், ஆதரவாளர், பின்னர் நேரடியாகப் போரிடும் தரப்பு என்று இந்தியா வேடம் மாறியதையும் தமிழ்நாட்டின் உள்ளரசியல் டில்லியை எப்படி இழுத்தது என்பதையும் ஆவணங்களோடு காட்டுகிறார். இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் வெளியேறியபோது ஏறக்குறைய 1,200 படையினரை இழந்திருந்தது. பெரிய நாட்டுக்கும் இந்தத் தலையீட்டால் பயன் விளையவில்லை என்பதை அந்நூலைப் படிப்பவர் மறுக்க முடியாது. அமைதிப்படையின் கையால் யாழ்ப்பாணத்து மக்கள் பட்ட துயரையும் நாம் மறக்க முடியாது.

ஆனால் வெளியார் வருவதற்கு வழி எப்படி உண்டாயிற்று என்று கேட்டால் வில்சனிடம் போக வேண்டும். 1956 மொழிச் சட்டம், கைவிட்ட உடன்பாடுகள், 1972 அரசியலமைப்பு, 1981 யாழ் நூலக எரிப்பு, 1983 ஜூலை என்று படிப்படியாக அரசு தமிழரிடம் தன் உரிமையை இழந்த கதையை அவர் சொல்கிறார். அவர் வெறும் பார்வையாளரும் அல்லர். ஜே.ஆருக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்களுக்கும் இடையே மாவட்ட சபைகள் தொடர்பில் தூது நடந்தவர். அது பயனற்றுப் போனதை அருகிருந்து கண்டவர். உள்ளே தீர்த்திருக்கக்கூடிய வழக்கு டில்லிக்கும் திம்புவுக்கும் போனது அதன் பிறகுதான்.

வில்சனிடமும் ஒரு குறை உண்டு. தமிழ் இயக்கங்கள் வெளிநாட்டு ஆதரவை நம்பியதன் விலையை அவர் போதிய கடுமையோடு எடைபோடவில்லை என்பது என் கருத்து. டி சில்வா கண்டியில் நடத்திய இனத்துவக் கற்கைகள் நிலையத்தின் கொழும்புக் கிளையை நடத்தி, உள்நாட்டிலேயே அரசியலமைப்புத் தீர்வு தேடிய நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29இல் விடுதலைப் புலிகளின் தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்டார். இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகிப் பன்னிரண்டாம் ஆண்டு நிறைவு நாள் அது. உட்பகை ஒரு பக்கத்தின் சொத்து அல்ல.

அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஜே.வி.பி. தொடங்கிய இரண்டாம் கிளர்ச்சியும் அரசு அதை அடக்கிய விதமும் இந்த மாவட்டத்தை எப்படி உலுக்கின என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1989இல் பேராதனை வளாகமே அந்தக் கொடூரத்தைக் கண்டது. வடக்கின் பிரச்சினைக்கு டில்லியோடு செய்த ஒப்பந்தம் கண்டியின் பிள்ளைகளைக் கொன்ற போராக முடிந்தது. மக்களோடு பேசாமல் செய்யும் பாதுகாப்பு ஒப்பந்தம் எந்தத் திசையில் வெடிக்கும் என்று ஒப்பமிடுபவர்களுக்கே தெரியாது.

இன்றைய ஆட்டம்

இப்போது மேடையில் இந்தியாவும் சீனாவும். 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. 2022 ஓகஸ்டில் சீன ஆய்வுக் கப்பல் யுவான் வாங் 5 அங்கே வந்தது, டில்லி எதிர்த்தது. அதே ஆண்டு நாம் கடன் கட்ட முடியாமல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபோது இந்தியா ஏறக்குறைய 4 பில்லியன் டொலர் உதவியது. 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஓர் ஆண்டுத் தடை. 2025 ஏப்ரலில் இந்தியாவோடு பாதுகாப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை. அதன் வாசகத்தை ஏன் பாராளுமன்றத்தில் வைக்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. 1638இல் இரண்டு பிரதிகள் வேறுபட்டதன் பலனை அனுபவித்த ஊரார் நாம். பொதுவில் வைக்காத வாசகத்தை நம்பச் சொன்னால் தயங்கத்தான் செய்வோம்.

2022ஐ இன்னும் உற்றுப் பாருங்கள். நம்மை இரு வல்லரசுகளின் வாசலிலும் கையேந்த வைத்தது எந்த அயல்நாட்டுச் சதி? வரியைக் குறைத்தது நாம். இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தியது நாம். கணக்கைக் கேட்டவர்களைத் துரோகி என்றதும் நாம். டி. வி. பால் 2010இல் தொகுத்த நூலொன்று தென்னாசியாவின் பாதுகாப்பின்மைக்கு முக்கிய காரணமாக வலுவிழந்த அரசுகளைக் காட்டுகிறது. தன் குடிகளிடம் ஏற்பும் திறமையும் இல்லாத அரசுதான் அயலவரின் கைக்குப் போகிறது என்பது அதன் சாரம். இலங்கை 2022இல் அந்த நூலுக்கு ஒரு புதிய அத்தியாயம் எழுதிக் கொடுத்தது.

சார்க் அமைப்பு உதவுமா? 1985இல் டாக்காவில் தொடங்கிய அது இருதரப்புச் சச்சரவுகளைப் பேசக் கூடாது என்று தன் சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. 2014 காத்மண்டுக்குப் பிறகு உச்சிமாநாடு கூடவில்லை. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளைச் சரித்தபோது இந்தியாவும் உதவியது, பாகிஸ்தானும் உதவியது. இருவரோடும் பகையில்லாத நாடாக இருப்பதன் பலன் அது. அந்த நிலையைப் போற்றிக் காக்க வேண்டும். ஆனால் புயலில் கிடைக்கும் உதவியை வைத்து நிரந்தரப் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? மூன்றைச் சொல்லி நிறுத்துகிறேன்.

முதலாவது, வெளிநாட்டோடு செய்யும் எந்தப் பாதுகாப்பு உடன்பாடும் மூன்று மொழிகளிலும் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டு விவாதிக்கப்பட வேண்டும். இரகசியம் காக்க வேண்டிய படைத் தகவல் வேறு, நாட்டின் கடப்பாடு வேறு.

இரண்டாவது, 1987 ஒப்பந்தத்தின் விளைவாகப் பிறந்த மாகாண சபைகளுக்கு 2014க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. 2019க்குள் எல்லாச் சபைகளின் காலமும் முடிந்துவிட்டது. பதின்மூன்றாம் திருத்தத்தை அமுல்படுத்துங்கள் என்று டில்லி நினைவூட்டும்போதெல்லாம் நமக்குக் கோபம் வருகிறது. கோபப்படுபவர்கள் ஒன்றை யோசிக்கட்டும்: அந்தத் தேர்தலை நாமே நடத்தி, அதிகாரத்தை நாமே பகிர்ந்துகொண்டால் டில்லிக்கு நினைவூட்ட என்ன மிஞ்சும்? மலையகத்துக்கும் இது பொருந்தும். தோட்டங்களில் இந்தியா 14,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. நன்றி சொல்வோம். ஆனால் அந்த வீடு நிற்கும் காணியின் உறுதியை வழங்க வேண்டியது கொழும்பு. இருநூறு ஆண்டு உழைத்த மக்களுக்குக் காணி உரிமை கொடுக்கும் நாள்வரை, அவர்களைக் குறித்து வெளியார் பேசுவதைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, மாணவர்களுக்கு. சர்வதேச உறவுகள் படிக்கும் நீங்கள் டி சில்வாவையும் வில்சனையும் ஒரே தவணையில், ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள். ஒருவரைத் துணைகொண்டு மற்றவரைக் கேள்வி கேளுங்கள். இரண்டும் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வாசிக்கக் கிடைக்க வேண்டும். அதற்கான பணியைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவின் அளவையோ சீனாவின் தேவையையோ பாகிஸ்தானின் மனத்தாங்கலையோ நம்மால் மாற்ற முடியாது. அவர்களுடைய பகை நம் கரைக்கு வரத்தான் செய்யும். பிறர் பகை முன்னூற்று எண்பது ஆண்டுக்கு மேலாக இங்கே வந்துகொண்டிருக்கிறது. அது வரும்போது இந்த நாட்டில் யாராவது ஒரு பிரிவினர் ‘எங்களுக்கு இங்கே நியாயம் கிடைக்கவில்லை, வெளியே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் நிலை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். பாதுகாப்பு அமைச்சின் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென்று ஒரு வரி கிடையாது. ஆனால் நாட்டின் பாதுகாப்புச் செலவில் மிகக் குறைவானதும் மிக நிச்சயமான பலன் தருவதும் அதுதான்.